காத்துதான் முதல்ல

— செத்தது எதுன்னு சொல்லு அம்மணி. மிஷினா, உன்ற ப்ரோக்ராமா?

— ப்ரோக்ராம்தான் வசந்தாமணியக்கா. மிஷினுக்கு ஒண்ணுமே ஆகல. கரண்டு போனதும் பேட்டரிப் பெட்டி என் ப்ரோக்ராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்ததும் ப்ரோக்ராம் ஜெனரேட்டரை ஓட விட்டிருக்கணும். அதை விட்டுட்டு அதுவே விழுந்துடுச்சு.

— உழுந்துருச்சுன்னு வெகு சுளுவாச் சொல்லற அஃபீபா. நீ சேலத்துல உக்காந்துட்டுச் சொல்லுவ. போன மாசம் இங்க ஃபேன் நின்னு, முட்டையில இருந்து பாதி வெளிய வந்த குஞ்செல்லாம் மூச்சு முட்டிப் போச்சு. ராமாத்தா தட்டுத் தட்டா எடுத்து வெளிய வெச்சுட்டு அழுதா. நான் அழுவல. எனக்கு ஆத்தரம்தான் வந்துச்சு.

— தெரியும்க்கா. அதனாலதான் விடியக்காலை ஃபஜ்ரு தொழுத கையோட பஸ் ஏறி வந்திருக்கேன்.

— வந்துட்ட, செரி. பதினோரு மணிக்கு மேல லைனை ஆஃப் பண்ணறாங்களாம், சப்ஸ்டேஷன்ல வேலை. பொழுது சாயத்தான் உடுவாங்களாம். நம்ம ஹேச்சரியில இன்னைக்குத்தான் எல்லா மிஷின்லயும் குஞ்சு ஓட்டை ஒடைக்குது. இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு ஒடைச்சுக்கன்னு குஞ்சுகிட்டச் சொல்ல முடியுமா?

— அதுக்குள்ள கண்டுபிடிச்சுடறேன்க்கா.

— கண்டுபிடிக்காட்டி?

— சுவத்துல இருக்கற அந்தச் சாவியைத் திருப்பி, கைக்கு மாத்திடுங்க. ப்ரோக்ராம் ஒதுங்கிக்கும்.

— மாத்தறது பெருசில்ல கண்ணு. கைக்கு மாத்துனா ஃபேனு, சூடு, ஈரம், ஜெனரேட்டரு, அத்தனையும் ஆளு ஓடி ஓடிப் போடோணும். இருக்கறது நானும் ராமாத்தாவும் கந்தவேலும். ஒரு மிஷினைப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள அங்க குஞ்சு வெந்து போகும். அதுக்குப் பயந்துதான உன்ற ப்ரோக்ராமையே வெச்சேன்.

— ஏனுங்க்கா, கூப்புட்டீங்களா?

— கந்தவேலு, நீ ஜெனரேட்டர் ரூம்புலயே போயி உக்காந்துக்க. கரண்டு போச்சுன்னா அதைத் தொடாத. தானா ஓடுதான்னு மட்டும் பாரு. ஓடலைன்னா ஓடியாந்து இந்தக் கண்ணாடியத் தட்டு. போனெல்லாம் கேட்டுலயே வாங்கி வெச்சாச்சு, கூப்புட முடியாது.

— உள்ள வந்தே சொல்லறேனுங்க.

— நீ இன்னும் குளிக்கல. குளிக்காம உள்ள வந்தயோ, காலை ஒடிச்சுருவேன்.

— செரிங்க்கா, செரிங்க்கா. கண்ணாடிக்கு அந்தாண்டயே நிக்கறேனுங்.

— போ. இப்பச் சொல்லு அஃபீபா, எனக்கு வெளங்கற மாதிரி. ஒரு சிக்னல் வந்தா ப்ரோக்ராமு எதுக்குச் சாகோணும்? சத்தமாச் சொல்லு, ஃபேன் இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டீங்குது.

— இல்லக்கா, கேளுங்க. ப்ரோக்ராம் ஒண்ணுதான். ஆனா அது ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க, உள்ள நாலஞ்சு பேரு வேலை செய்றாங்க. த்ரெட்டுனு சொல்வோம். ஒருத்தர் ஃபேனைப் பாக்கறார், ஒருத்தர் சூட்டைப் பாக்கறார், ஒருத்தர் ஈரம். எல்லாரும் ஒரே நேரத்துல ஓடிட்டே இருப்பாங்க.

— கூட்டுக் குடும்பம். செரி.

— சிக்னல் வர்றது வீட்டுக்கு. இன்னாருக்குன்னு பேர் போட்டு வராது. யார் காது திறந்திருக்கோ அவங்க தலையில விழும். கையில என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுட்டு அதைக் கவனிக்கணும்.

— அடுப்புல பால் பொங்கீட்டு இருந்தாலுமா?

— பொங்கி வழிஞ்சாலும் சரி. அதனாலதான் இங்க வெச்ச புதுசுல, முதல் தடவை, ப்ரோக்ராம் அப்படியே உறைஞ்சு போச்சு. சுவிட்சு ரூமுக்குள்ள ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம்னு சட்டம். சூட்டைப் பாக்கறவர் உள்ள போயி தாழ் போட்டுட்டு வேலை செய்றார். சரியா அப்ப சிக்னல் அவர் தலையிலயே விழுந்துச்சு. அதுக்கு பதில் சொல்லணும்னா சுவிட்சு ரூமுக்குள்ள போகணும். உள்ள ஆள் இருக்கு, அவர் வெளிய வரட்டும்னு காத்துட்டு நிக்கறார். உள்ள இருக்கற ஆளே அவர்தான்.

— அட கெரகமே! தனக்குத் தானே காத்துட்டு நின்னானா?

— இன்னைக்கு வரைக்கும் நின்னிருப்பார், நீங்க மெயின் சுவிட்சை அணைக்கலைன்னா.

— நல்ல ஆளுகளை வேலைக்கு வெச்சிருக்க போ! செரி, அது முதல் தடவை. அப்பறம் ஏதோ மாத்தி எழுதுனயே?

— எல்லாத்தையும் மாத்திட்டேன்க்கா. வேலை செய்ற அத்தனை பேரோட காதையும் அடைச்சுட்டேன், எவருக்கும் சிக்னல் கேக்காது. புதுசா ஒரே ஒரு த்ரெட் வெச்சேன். அதுக்கு வேற வேலையே கிடையாது. சிக்வெயிட்டுனு ஒரு கட்டளை இருக்கு. அதைச் சொல்லிட்டு உக்காந்துச்சுன்னா, சிக்னல் வர்ற வரைக்கும் உக்காந்தே இருக்கும். வந்தா கையில வாங்கும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள ஃபேனை பேட்டரிக்கு மாத்தும், ஜெனரேட்டரை எழுப்பும், சூட்டையெல்லாம் ஒவ்வொண்ணா திரும்பப் போடும். முடிச்சுட்டு மறுபடி வந்து உக்காந்துக்கும்.

— சும்மா உக்காந்திருக்கறதுக்குன்னு ஒரு ஆளு! என்ற மச்சாண்டாரு மகன் சிவபிரகாஷு மாதிரி.

— சிரிக்காதீங்க. அவர் மாதிரி எட்டி எட்டிப் பாத்துட்டே இருக்காது. வந்துச்சா, வந்துச்சான்னு நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து பாக்கற வேலையே கிடையாது. தூங்கும். நெஜமாவே தூங்கும்க்கா. ஒரு துளி வேலையும் அது பேருல நடக்காது. வாரம், மாசம், எத்தனை நாள் ஆனாலும் சரி. காது அடைச்சிருந்தாலும், சிக்னல் வந்த அந்தக் கணமே கெர்னல் அதைத் தொட்டு எழுப்பிடும்.

— கெர்னலுங்கறது ஆரு?

— கம்ப்யூட்டருக்கே பெரியவர். எல்லா ப்ரோக்ராமும் அவர் சொன்னாத்தான் ஓடும், அவர் சொன்னாத்தான் தூங்கும். யார் எதுக்காகக் காத்துட்டு இருக்காங்கன்னு அவருக்கு மட்டும் தெரியும். ஒருத்தரையும் மறக்க மாட்டார். இதை முதல் முதலாப் படிச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுக்கா. அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. அம்மா, காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க.

— இதுக்கெல்லாமா சிலிர்க்கும்?

— எனக்குச் சிலிர்த்துச்சு. யாரோ எப்பவோ யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க. ஓடிட்டு இருக்கறவங்களை நடுவுல நிறுத்தாதே, காத்திருக்கத் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சுக்கன்னு.

— பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. அப்பறம் ஏன் போன மாசம் உழுந்துச்சு?

— அதுதான் எனக்கு விளங்கலை. சேலத்துல அத்தா கடை மாடியில வெச்சு எத்தனை தடவை ப்ளக்கைப் பிடுங்கிப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒரு தடவை கூட விழல. இங்க மட்டும் நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு விழுது. இங்கயும் ராத்திரியில ரெண்டு தடவை கரண்டு போனப்ப ஒழுங்காத்தான் பாத்துக்கிச்சு.

— காது அடைச்சேன்னியே, எல்லாத்துக்கும் ஒழுங்கா அடைச்சயா?

— அடைச்சேன்க்கா. அதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க இங்க உள்ள வர்ற எல்லாரையும் வாசல்லயே குளிக்க வெச்சு, துணி மாத்தித்தான விடறீங்க?

— பின்ன? உள்ள வந்த பொறவு குளிச்சு என்ன பிரயோசனம்? சீக்கு உள்ள வந்துருமே.

— அதே மாதிரிதான். த்ரெட்டு பிறக்கறதுக்கு முன்னாடியே காதை அடைச்சிருக்கணும். பெத்தவளுக்கு, அதாவது மத்தவங்களைப் பிறக்க வெக்கற முதல் த்ரெட்டுக்கு, அடைச்சிருந்தா பிறக்கற பிள்ளைக்கும் அடைச்சே இருக்கும். பிள்ளை பிறந்த பின்னாடி பெத்தவ தன் காதை அடைச்சுக்கிட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, அதோட காது திறந்தேதான் கிடக்கும். அதனால முதல்ல அடைச்சுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா சூடு, ஈரம், அந்தத் தூங்கறவர்... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.

— என்ன சாமி?

— யா அல்லா.

— என்னன்னு சொல்லிப்போட்டு அல்லாவக் கூப்புடு.

— ஃபேன்.

— ஃபேனுக்கு என்ன, ஓடீட்டுத்தான இருக்குது?

— அக்கா, நான் முதல் நாள் இங்க வந்தப்ப என்கிட்ட என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொன்னேன்? எல்லார்கிட்டயும் சொல்லறதுதான். காத்துதான் முதல்ல, மத்ததெல்லாம் அப்பறம். சூடு சித்த கொறைஞ்சாக்கூட குஞ்சு தாங்கும், காத்து நின்னாத் தாங்காது. இங்க எவன் சுவிட்சுல கை வெச்சாலும் முதல்ல ஃபேனைத்தான் போடோணும். என்ற ஊட்டுக்காரரே மறந்தாலும் வஞ்சுருவேன்.

— நான் மறக்கலக்கா. உங்களுக்குப் பயந்து, ப்ரோக்ராம்ல எல்லாத்துக்கும் மேல, முதல் வேலையா, ஃபேன் த்ரெட்டைப் பிறக்க வெச்சுட்டேன். காதை அடைக்கற வரி அதுக்குக் கீழ இருக்கு.

— அப்படின்னா?

— மத்த எல்லாரும் காது அடைச்சுத்தான் பிறந்தாங்க. ஃபேன் ஒருத்தர் மட்டும் காது திறந்தே உள்ள போயிட்டார்.

— குளிக்காமப் போயிட்டானா!

— குளிக்காமப் போயிட்டார். வந்த சிக்னல் சில நேரம் தூங்கறவர் கைக்கு ஒழுங்காப் போயிருக்கு. சில நேரம் ஃபேன் தலையில விழுந்திருக்கு. சிக்னல் வந்தா என்ன செய்யணும்னு அவருக்கு எதுவும் எழுதி வெக்கல. அப்படி ஒருத்தர் தலையில விழுந்தா, கெர்னல் மொத்த வீட்டையும் மூடிடுவார். ஒருத்தரால அத்தனை பேரும் போயிடுவாங்க.

— உங்க கடை மாடியில மட்டும் எப்படி உழுவாம இருந்துச்சு?

— அங்க ஏதுக்கா ஃபேன்? ஃபேன் இல்லாத இடத்துல அந்த த்ரெட் எதுக்குன்னு அதை எடுத்து வெச்சுட்டுத்தான் சோதிச்சேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

— அப்ப நான் சொன்ன சொல்லாலதான் என்ற குஞ்சு போச்சா?

— இல்லக்கா. எழுதினது நான்.

— காத்து, காத்துன்னு தெனமும் கத்துனது நானு. அந்தக் காத்தே நின்னு போறதுக்கு நானே வழி பண்ணி வெச்சிருக்கறனே கண்ணு.

— பதறாதீங்க. ரெண்டு வரியைத் தூக்கி மேல வெச்சாப் போதும். வெச்சுட்டேன் பாருங்க. இப்ப ப்ரோக்ராமை நிறுத்திட்டு மறுபடி ஓட விடணும். ஒரு மூச்சு நேரம் ஃபேன் நிக்கும்.

— நிறுத்தாத. குஞ்சு உள்ள இருக்குது.

— நிறுத்தாம புதுசு ஓடாதுக்கா. பழசு அப்படியே இருந்தா, கரண்டு போறப்ப சீட்டுக் குலுக்கிப் பாக்கற மாதிரிதான். எவர் தலையில விழும்னு யாருக்குத் தெரியும்?

— பண்ணித் தொலை. நான் கண்ண மூடிக்கறேன். ஐயோ, நின்னு போச்சு. அஃபீபா, நின்னு போச்சு, சத்தத்தையே காணோம்!

— பிஸ்மில்லாஹ்.

— ஓடுதா? ஓடுது! ஓடுது, ஓடுது. முருகா, உசுரே போயி வந்துச்சு. அந்த லேப்டாப்பை இப்பவே மூடு, இங்க கொண்டா.

— இருங்கக்கா, ப்ரோக்ராம் ஓடின பதிவு மட்டும் ஒரு தடவை பாத்துக்கறேன்.

— ஒண்ணும் பாக்க வேண்டாம். அன்னைக்கு இப்படித்தான் ஓடற ப்ரோக்ராமுக்குள்ள எட்டிப் பாக்கறேன்னு அதையே நிறுத்தி வெச்ச. இது என்ற மடியில இருக்கட்டும். கரண்டு போயி வந்த பொறவு தாரேன்.

— கரண்டு போனா நமக்கு எப்படித் தெரியும்? இந்த லைட்டு பேட்டரி. ஜெனரேட்டர் சத்தமும் இங்க கேக்காது.

— காதுலதான். கரண்டு போனா ஃபேன் சத்தம் ஒரு மூச்சு அமுங்கும், பொறவு எந்திரிக்கும். இத்தனை வருசமா அப்படித்தான். அது வரைக்கும் இங்க வா, இந்த மிஷின் கண்ணாடி வழியாப் பாரு. கதவை மட்டும் தொட்டுறாத, ஈரம் ஓடிப்போனா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்.

— எங்க பாக்கணும்?

— அந்த மேல் தட்டு. ஓரத்துல ஒண்ணு மூக்கை வெளிய நீட்டியிருக்குது, பாத்தயா?

— அல்லா! அசையுது. அது ஏன் அப்படியே நின்னுடுச்சு? முடியலையா?

— கம்முனு பாரு. ஒரு குத்துக் குத்தும், அப்பறம் படுத்துக்கும். செத்துப் போச்சோன்னு நெனைப்ப. அது செத்துப் போகல, மூச்சு வாங்கப் பழகுது. சுத்தி வந்து குத்தோணும்ல, அதுக்குத் தெம்பு சேக்குது.

— நாம ஓட்டை லேசா உரிச்சு விட்டா என்ன?

— உரிச்சா ரத்தம் வந்து செத்துப் போகும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல பாவம்னு உரிச்சு உட்டு, எத்தனையோ குஞ்சைக் கொன்னிருக்கறேன். அது வாரப்பத்தான் வரோணும். நம்ம வேலை காத்து குடுக்கறது, சூடு குடுக்கறது, காத்துட்டு இருக்கறது. அவ்வளவுதான்.

— எல்லாம் ஒரே நாள்ல எப்படிக்கா உடைக்குது? யார் சொல்றாங்க?

— அதுகளே பேசிக்கும். ஓட்டுக்குள்ள இருக்கறப்பவே சத்தம் போடும். காதுகிட்ட வெச்சுப் பாத்தா டிக்கு டிக்குன்னு கேக்கும். பக்கத்து முட்டை அதைக் கேட்டுட்டுத் தானும் சுறுசுறுப்பாகும். இத்தனை வருசம் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்க நின்னா ஏனோ கண்ணுல தண்ணி வந்துரும். சாமி கும்புடப் போனாக்கூட வராது, இங்க வரும்.

— சுப்ஹானல்லாஹ். அக்கா, அது ஓட்டு மூடியைத் தள்ளிடுச்சு! தலை வெளிய வந்துடுச்சு! ஈரமா, கண்ணை முழிச்சுட்டுப் பாக்குது!

— பாத்தயா? பாத்தயா? இன்னும் ரெண்டு அந்தப் பக்கம். கீழ் தட்டுல பாரு, தட்டே ஆடுது!

— எங்க வீட்டுல நானும் என் தங்கச்சி கௌசியாவும் அம்மா பக்கத்துல படுத்துத் தூங்குவோம். அம்மா தூங்கறாங்கன்னுதான் நெனப்போம். கௌசியாவுக்கு மூச்சுத் திணறல் இருந்துச்சு, சின்ன வயசுல. அவ மூச்சு ஒரு இழுப்பு மாறினாப் போதும், அம்மா எழுந்து உக்காந்திருப்பாங்க. வெளிய லாரி ஹாரன் அடிச்சா எழ மாட்டாங்க. எனக்கு சிக்வெயிட்டை நெனச்சாலே அம்மா முகம்தான் வரும். இதை வேற யார்கிட்டயும் சொன்னதில்ல, சிரிப்பாங்க.

— நான் சிரிக்க மாட்டேன். எனக்கு இப்பத்தான் உன்ற ப்ரோக்ராமு வெளங்குது. நீ முன்னயே இப்படிச் சொல்லியிருக்கோணும், அதை உட்டுப்போட்டு கெர்னலு, கூட்டுக் குடும்பம்னுட்டு.

— மணி என்னக்கா?

— பதினொண்ணு தாண்டி நெம்ப நேரமாச்சு. இன்னும் போகல. லைன்மேன் டீ குடிக்கப் போயிட்டானாட்ட இருக்குது. இந்த இழுபறிதான் என்னால தாங்க முடியாது. போறதுன்னா போயித் தொலையோணும்.

— ஃபேன் சத்தம் அமுங்கவே இல்லையே.

— எங்க அமுங்குச்சு? நானும் காதைத் தீட்டி வெச்சுட்டுத்தான் இருக்கறேன். அஃபீபா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத.

— சொல்லுங்க.

— கைக்கு மாத்திரலாம்.

— அக்கா!

— நீ கண்டுபிடிச்சது செரியாவே இருக்கட்டும். ஆனா இதை ஒருக்காக்கூட சோதிச்சுப் பாக்கல. சோதிக்கறது என்ற குஞ்சு மேலயா? தலை நீட்டி முழிச்சுப் பாத்துச்சே அது, அது மேலயா? கரண்டு போயி, உன்ற ஆளு எந்திரிக்காட்டி நான் என்ன பண்ணுவேன்? நான் ஒரு மிஷினைக் கையில ஓட்டறேன், நீ ஒண்ணைப் பாத்துக்க, ராமாத்தா ஒண்ணு. போறது போகட்டும், பாதியாவது நிக்கும்.

— கையில ஓட்டினாப் பாதிதான் நிக்கும்னு நீங்களே சொல்றீங்க. அது எழுந்துடும்க்கா. நான் நம்பறேன்.

— நம்பறதுக்கு உனக்கு வயசிருக்குது. எனக்கு பயம்தான் இருக்குது. நகரு, சாவியத் திருப்பறேன்.

— அக்கா, கண்ணாடியை யாரோ தட்டறாங்க.

— கந்தவேலு! ஓடியாந்திருக்கறான் பாரு! ஓடலைன்னாத்தான ஓடியாரச் சொன்னேன்! போச்சு, அத்தனையும் போச்சு. நான் அப்பவே சொன்னேன்ல!

— அல்லாவே! அண்ணா, ஜெனரேட்டர் ஓடலையா?

— என்னது அம்மணி, ஓடலையாவா? பதினோரு மணிக்குக் கரண்டு போனதுமே தானா ஓட ஆரம்பிச்சுது, அப்பப் புடிச்சு நிக்காம ஓடி டீசலே அடியைத் தொட்டுருச்சுங்க. இன்னொரு கேன் ஊத்தட்டுங்களான்னு கேக்கத்தான் வந்தேன், அதுக்கு ஏனுங்க்கா ரெண்டு பேரும் இப்படி நின்னு அழுவறீங்க?